புரோகிராம் அண்ணே

காரைக்குடியில் புரோகிராம் அண்ணனைக் கண்டுபிடிக்க ஆள் வைத்துத் தேட வேண்டியதில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் செக்காலை ரோட்டுக் காப்பிக் கடைப் பக்கம் போனால் போதும். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் மஞ்சள் பை, பைக்குள் நீளவாக்கில் ஒரு பேரேடு, வாயில் ‘டெர்மினல் டூ’ என்ற சொல். இந்த நான்கும் ஒரே ஆளிடம் கூடியிருந்தால் அவர்தான். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சென்னையில், மகள் அமெரிக்காவில். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீட்டில் அவரும் ஆச்சியும் மட்டும். ஒருவரை ஒருவர் சாப்பிடக் கூப்பிடவே கைப்பேசி வேண்டும்.

அவர் கோலாலம்பூருக்கு ஐந்து நாள் போய்வரப் போகிறார். எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் பேரேடு வெளியே வரும். உங்கள் காப்பி ஆறிப்போகும்.

இவர் இங்கே மட்டும்தான் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். தேவகோட்டையில் ஒருவர் உண்டு, பள்ளத்தூரில் ஒருவர், கானாடுகாத்தானில் ஒருவர். கல்யாண வீட்டில் இரண்டு புரோகிராம் அண்ணன்கள் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்துவிட்டால் இலை எடுக்க வருகிறவர் பாடு திண்டாட்டம். ஊர் வாகு அப்படி. 1937 பிப்ரவரியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. மதுரையை வெளியூர் என்றும் ரங்கூனை உள்ளூர் என்றும் நினைத்த ஜனம் இது. வெளிநாட்டில் நகரத்தார் வைத்த வட்டிக்கடைகள் எல்லாம் போய்விட்டன. நினைப்பு மட்டும் போகவில்லை.

எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்யவே அண்ணனுக்கு வெகு காலம் பிடித்தது. தென்கிழக்காசியத் தலைநகரம் ஒன்றுக்குத்தான் போவது என்பதில் உறுதியாக இருந்தார். “கடற்கரை, மலைன்னு போனா கொடைக்கானல் போதும். தலைநகரம்னா ஒரு நடமாட்டம் இருக்கும்” என்பது அவர் கட்சி. பிறகு ஐயா காலத்துத் தலைநகரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

“நம்ம ஆளுக கடை வச்ச ஊரையெல்லாம் எண்ணிப் பாருங்க தம்பி. ரங்கூன்ல வச்சாக. 2005ல தலைநகரத்தைத் தூக்கிக்கிட்டு நேப்பிடோவுக்குப் போயிட்டான். சைகோன்ல வச்சாக. 1975ல தலைநகரமும் போச்சு, அப்புறம் பேரும் போச்சு. கொழும்புல செட்டியார் தெரு இன்னைக்கும் இருக்கு, பட்டம் மட்டும் கோட்டேக்குப் போயிருச்சு. பாக்கி சிங்கப்பூரும் கோலாலம்பூரும். அதுலயும் கோலாலம்பூர்ல கவர்மெண்டு ஆபீசையெல்லாம் 1999லேயே புத்ராஜெயாவுக்கு மாத்த ஆரம்பிச்சுட்டான். இருக்கிறது வெறும் பேருதான். அதுவும் போறதுக்குள்ள நாம போய்ட்டு வந்துறணும்.”

சிங்கப்பூர் ஏன் வேண்டாம் என்றால், அங்கே எல்லாரும் போய்விட்டார்கள். பாங்காக்கும் பட்டியலில் இருந்தது. பாங்காக் என்ற பேரைக் கேட்டதும் ஆச்சி அடுப்படியிலிருந்து எட்டி ஒரு பார்வை பார்த்தார். அந்த நகரம் அன்றைக்கே சிவப்பு மையில் அடிக்கப்பட்டது.

கோலாலம்பூர் மேல் அண்ணனுக்கு உரிமையும் உண்டு. அவருடைய ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, லெபோ அம்பாங்கில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தவர். செட்டிகள் கடை வைத்த அந்தத் தெருவில் மயில் உருவம் பதித்த பழைய முகப்புகள் இன்னும் சில நிற்கின்றன. மூன்று வருஷக் கணக்குக்குப் போகும் ஐயா போட்ட புரோகிராம் என்ன? நல்ல நாள் பார்ப்பது. பங்காளி வீடுகளுக்கெல்லாம் போய்ப் பயணம் சொல்லிக்கொள்வது. விபூதி பூசிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கு வண்டி ஏறுவது. அங்கே ‘ரஜூலா’ கப்பலில் மேல்தட்டில் இடம் பிடிப்பது. அவ்வளவுதான். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை ஓடி ஓய்ந்தது. பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று எத்தனையோ தகரப் பெட்டிகளை இறக்கிவிட்டது. ஐயா ஒரு தகரப் பெட்டியோடு மூன்று வருஷம் இருந்துவிட்டு வந்தார். பேரன் ஐந்து நாளுக்கு மூன்று கோப்புத் தயார் செய்திருக்கிறார். கோப்புகள் மட்டும் ஒன்றரைக் கிலோ. அண்ணன் நிறுத்துப் பார்த்துவிட்டார். விமானத்தில் கைப்பையோடு ஏழு கிலோதான் அனுமதி.

பேரேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் பக்கத்தில் ‘சிவமயம்’. அதற்குக் கீழே தமிழ் வருஷம், மாதம், தேதி. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குக் காலை விலை, மாலை விலை இரண்டையும் தினமும் குறித்துவருகிறார். அந்தக் காலத்தில் ரங்கூன் நகரத்தார்கள் கோயிலில் கூடி அந்த மாதத்து நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். அதே பக்தியோடு அண்ணன் இரவு எட்டு மணிக்கு முகப்பில் உட்கார்ந்து கைப்பேசியில் டிக்கெட் விலை பார்க்கிறார். குறைந்தால், “இன்னும் குறையும்.” ஏறினால், “இறங்காம எங்கே போயிரும்?” எந்த விலைக்கும் வாங்காமல் இருக்க அவரிடம் காரணம் உண்டு.

ஒருமுறை உண்மையாகவே விலை மலிந்தது. காப்பிக் கடையே பரபரத்தது. அண்ணன் பஞ்சாங்கத்தை எடுத்தார். கோலாலம்பூர் கிழக்கே இருக்கிறது. திங்களும் சனியும் கிழக்கே சூலம். சரி, செவ்வாய், புதன் போகலாமே என்றால், விமானம் ஏறத் திருச்சிக்குப் போக வேண்டும், திருச்சி நமக்கு வடக்கே. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம். வியாழன்? தேசப்படத்தை உற்றுப் பார்த்தார். கோலாலம்பூர் நேர் கிழக்கு இல்லை, கொஞ்சம் தெற்கே சாய்கிறது. வியாழன் தெற்கே சூலம். வெள்ளிக்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதா என்றார் ஆச்சி. மிஞ்சியது ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமைதான் டிக்கெட் விலை உச்சம்.

“கெழக்குச் சூலத்துக்குத் தயிர் சாப்பிட்டுப் போகலாம்ணே, பரிகாரம் இருக்குல்ல?” என்று யாரோ கேட்டார்கள்.

“வடக்குச் சூலத்துக்குப் பால். பாலும் தயிரும் ஒரே நாள்ல சாப்பிட்டுட்டு நாலு மணி நேரம் பிளேன்ல உக்கார முடியுமா?” என்றார் அண்ணன். நியாயமான கேள்விதான்.

அவருக்கு உண்மையான சோதனை வந்தது 2023 டிசம்பரில். இந்தியர்களுக்கு முப்பது நாள் வரை விசா வேண்டாம் என்ற மலேசியாவின் அறிவிப்பு நடைமுறைக்கு வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, அண்ணன் ஒரு வாரம் காப்பிக் கடைக்கு வரவில்லை. விசாவுக்கென்று அவர் சேர்த்து வைத்திருந்த வங்கிக் கணக்குப் பக்கங்கள், வெள்ளைப் பின்னணியில் எடுத்த படங்கள், வீட்டு வரி ரசீது, ஓய்வூதிய ஆணை எல்லாம் ஒரே நாளில் வேலையற்றுப்போயின. “கதவைத் தட்டிட்டு உள்ளே போறதுலதான் ஒரு மரியாதை இருக்கு. தெறந்து போட்ட வீட்டுக்குள்ள என்னன்னு போறது?” என்று ஆச்சியிடம் வருத்தப்பட்டாராம். பிறகு, வருகை அட்டை ஒன்றை இணையத்தில் நிரப்ப வேண்டும் என்று தெரிந்து கொஞ்சம் தெளிந்தார். அதிலும் ஓர் இடி. அந்த அட்டையைப் போய்ச் சேருவதற்கு முந்தின மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே நிரப்பத் தயாராக இருக்கிற மனிதரிடம் மூன்று நாள் என்றால் அவர் என்ன செய்வார்?

தங்குமிடம் விஷயத்தில்தான் அண்ணன் முழுத் திறமையும் தெரியும். ‘இலவசமாக ரத்து செய்யலாம்’ என்ற வசதியைக் கண்டுபிடித்தவருக்குச் செட்டிநாட்டில் யாராவது சிலை வைத்தால் அடிக்கல் அண்ணன்தான் நடுவார். பிரிக்ஃபீல்ட்ஸில் இரண்டு விடுதி, மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒன்று, பசார் செனிக்கு அருகில் ஒன்று. நான்கிலும் ஒரே தேதிக்கு அவர் பேரில் அறை இருக்கும். கடைசி நாளுக்கு முந்தின இரவு நான்கையும் ரத்து செய்துவிட்டு அடுத்த மாதத்துக்கு மாற்றுவார். ஒரு காசு செலவில்லாமல் கோலாலம்பூரில் வருஷம் முழுக்க நான்கு அறை வைத்திருக்கும் மனிதர் இவர் ஒருவராகத்தான் இருக்கும். ஐயாவுக்கே அங்கே ஒரு கடையில் படுக்க ஒரு பாய்தான் இருந்தது.

நிகழ்ச்சி நிரல் நிமிஷக் கணக்கில். இரண்டாம் நாள் காலையைப் பாருங்கள். கேஎல் சென்ட்ரலிலிருந்து நேர் ரயிலில் பத்து மலை. வாசலில் 2006இல் எழுப்பிய, 42.7 மீட்டர் உயர முருகன்: நான்கு நிமிஷம், படம் எடுப்பது உட்பட. பிறகு 272 படி. ‘படிக்கு 2 வினாடி வீதம் 9 நிமிஷம் 4 வினாடி’ என்று அண்ணன் கணக்கு. அதற்குக் கீழே ‘ஆச்சிக்கு முழங்கால் வலி: படிக்கு 4 வினாடி, 18 நிமிஷம் 8 வினாடி’. இருவரும் ஒன்றாகப் புறப்பட்டால் அண்ணன் மேலே போய் 9 நிமிஷம் 4 வினாடி சும்மா நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் ‘கந்தர் சஷ்டி கவசம் பாதி’ என்று எழுதியிருக்கிறார். படிகளில் குரங்கு உண்டு என்று கேள்விப்பட்டதால் ‘குரங்குத் தாமதம் 3 நிமிஷம்’ என்று தனித் தலைப்பு. அங்கிருந்து மகாமாரியம்மன் கோயில்; 1873இல் தம்புசாமிப் பிள்ளை கட்டியது, பத்து மலைக் கோயிலுக்கும் அவர்தான் மூலகாரணர், தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் இங்கிருந்துதான் புறப்படும் என்பது வரை ஓரத்தில் குறிப்பு. பினாங்கில் நகரத்தார் இழுக்கும் வெள்ளி ரதம் காரைக்குடியில் செய்து 1894இல் கப்பலேறியது என்ற குறிப்பும் உண்டு. அதற்கும் கோலாலம்பூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், “நம்ம ஊரு ரதம்ல?” என்பார்.

இரட்டைக் கோபுரத்துக்கு ஒதுக்கியது கால் மணி. 452 மீட்டர், 88 மாடி, 41ஆம் 42ஆம் மாடியில் இரண்டையும் இணைக்கும் பாலம், திங்கள்கிழமை மேலே விடமாட்டார்கள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மேலே ஏறுவதாக இல்லை. மலேசிய வெள்ளியை இருபதால் பெருக்கிப் பார்த்துவிட்டு, “மேலே ஏறினா கோபுரம் தெரியாது. கீழே நின்னாத்தான் கோபுரம் தெரியும். தெரியறதுக்குக் காசு இல்லை, தெரியாததுக்குக் காசா?” என்று பேனாவை மூடினார். இதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை.

மழைக்கு மட்டும் அவர் நேரம் ஒதுக்கவில்லை. கோலாலம்பூரில் பல நாள் பிற்பகலில் இடியும் மழையுமாகக் கொட்டித் தீர்க்கும் என்று சொன்னேன். “அது அவுக புரோகிராம். நம்ம புரோகிராம்ல இல்லை” என்றார்.

ஆச்சிக்கென்று தனியாக ஒரு சிட்டை உண்டு. அது கால் பக்கம். மஸ்ஜித் இந்தியாவில் பாத்திரக் கடை, துணிக்கடை, மூடி போட்ட டப்பா ஆறு, மருமகளுக்குக் கைப்பை. அவ்வளவுதான். கொண்டுபோகிற சிட்டைதான் நீளம்: மாவுருண்டை, சீப்புச்சீடை, மணகோலம், அதிரசம். “யாருக்கு இதெல்லாம்?” என்று அண்ணன் கேட்டால், “பங்காளி ஒருத்தரும் இல்லாமயா போயிருவாக?” என்பார் ஆச்சி. ஒன்பது நகரக் கோயிலில் உங்களுக்கு எது, அதில் எந்தப் பிரிவு என்று கேட்டு, மூன்றாவது கேள்வியில் உறவைப் பிடித்துவிடுகிற ஆச்சிகளுக்கு எந்த நாட்டிலும் வழிகாட்டி தேவைப்படாது.

இவரை நான் கிண்டல் செய்கிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இவர் பேரேட்டை நகலெடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் பல குடும்பம் கோலாலம்பூர் போய்வந்துவிட்டது. எந்த வாசலில் ரயில், எந்தக் கடையில் வெள்ளி மாற்றுவது, எங்கே வாழையிலைச் சாப்பாடு, எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்ததாம். அவர்கள் திரும்பிவந்து காந்தப் பொம்மையைக் கொடுத்து, “அண்ணே, மகாமாரியம்மன் கோயில்லேருந்து பசார் செனி பத்து நிமிஷம்” என்றால், “ஆறு நிமிஷம். நீங்க தப்பான பக்கம் ரோட்டைக் கடந்திருக்கீக” என்று திருத்துவார். அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரட்டைக் கோபுரம் மட்டும் ஏழு ஒட்டியிருக்கிறது.

இப்படிப்பட்டவரையும் ஒருநாள் விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். செய்தது ஆச்சியின் அக்கா மகன். விலை ரொம்ப மலிந்த ஒரு நாளில், அண்ணனைக் கேட்காமல், திங்கள்கிழமை விமானத்தில் இரண்டு டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டான். அண்ணன் சூலம் என்றார், தவணை என்றார், அடுத்த மாதம் என்றார். பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சித்தப்பா, இது ரத்து பண்ண முடியாத டிக்கெட்டு. போகலைன்னா பணம் திரும்ப வராது” என்றான்.

அதற்கு மேல் வீட்டில் பேச்சே இல்லை. அண்ணன் எழுந்து போய்த் தயிர் இருக்கிறதா என்று பார்த்தார்.

முதல் நாள் பிற்பகல் மூன்று நாற்பது வரை எல்லாம் பேரேட்டில் கண்டபடி நடந்தது. கோலாலம்பூர் விமான நிலையத்தின் டெர்மினல் டூ அவர் சொன்ன மாதிரியே இருந்தது. கைகாட்டிப் பலகைகளைப் படிக்காமலே நடந்தார். மூன்று நாற்பதுக்கு லெபோ அம்பாங்கில் ஐயாவின் கடை இருந்த இலக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போது வானம் பிய்த்துக்கொண்டது. கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் இருவரும் ஒதுங்கினார்கள். எதிர்ச் சாரியில் ஐயாவின் இலக்கம். கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். மழை ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் பெய்தது. புரோகிராம் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக, எழுதி வைக்காத ஓர் இடத்தில், எழுதி வைக்காத நேரத்துக்குச் சும்மா நின்றார். பக்கத்தில் ஒதுங்கி நின்ற ஓர் அம்மாவிடம் ஆச்சி பேச்சுக் கொடுத்தார். மழை விடுவதற்குள் மாத்தூர் கோயில் வந்தது, பிரிவு வந்தது, அந்த அம்மாவின் நாத்தனார் கிள்ளானில் இருப்பது வந்தது, அதிரச டப்பா கை மாறியது. மறுநாள் பத்து மலைக்கு ரயிலில் போகவில்லை. பங்காளி வீட்டுக் காரில் போனார்கள். ஆச்சி 272 படியையும் எத்தனை வினாடியில் ஏறினார் என்று அண்ணன் பார்க்கவில்லை, குரங்கு ஒன்று மணகோலப் பையைப் பறித்துக்கொண்டு ஓடியதில்.

திரும்பிவந்த மறுநாள் முகப்பில் உட்கார்ந்து ஐந்தொகை போட்டார். மழையில் நின்றதை எழுதவும் ஒரு தலைப்புக் கண்டுபிடித்தார்: ‘எதிர்பாராத நேரச் செலவு’. காரில் போனதால் மிஞ்சிய ரயில் கட்டணம் வரவில் ஏறியது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஐம்பது காசு இடித்தது. மலேசியக் காசு, நம் கணக்கில் பத்து ரூபாய். மூன்று நாள் தேடினார். ரசீது எல்லாவற்றையும் பட்டாலையில் பரப்பி, காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு புளியங்கொட்டை வைத்தார். நாலாம் நாள் ஆச்சி வெற்றிலை மடித்துக்கொண்டே சொன்னார்:

“அந்த ஐம்பது காசு நான்தான் கொடுத்தேன். பசார் செனி பக்கத்துல பாத்ரூமுக்கு.”

அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தார்.

“சரி, இதை எந்தத் தலைப்புல எழுதுறது?”

“பராமரிப்புன்னு எழுதுங்க” என்றார் ஆச்சி.